தோளா, இடுப்பா? சுமைப் பையின் இரண்டாயிரம் வருடக் கதை

மலையேற்றம் பற்றிய எபிசோடு வந்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துகிட்டு இருக்கு. "ட்ரெக்கிங் போறதுக்கு முன்னாடி முதுகில் சுமை ஏற்றி நடந்து பழகணும்னு சொன்னீங்க. சரி, அதுக்கு எந்த பேக் வாங்கறது?"

நான் கடை வைத்திருப்பவன் இல்லை. நான்கு பிராண்டு பெயரைச் சொல்லி, விலையைச் சொல்லி முடிக்கிற வேலை எனக்கு வராது. ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு. மனிதன் சுமையைத் தலையில் வைத்தான், தோளில் வைத்தான், நெற்றியில் மாட்டினான், கடைசியில் இடுப்பில் இறக்கினான். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தெரிந்தால் கடைக்காரர் எந்தப் பையை எடுத்துக் காட்டினாலும் "இது யாருக்காகச் செய்தது?" என்று கேட்க முடியும். இன்றைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

சுமை தூக்கி நடப்பதை ஒரு பயிற்சியாக எழுதி வைத்தவர்கள் ரோமானியர்கள். வெஜீசியஸ் என்று ஒருவர், ரோமப் பேரரசின் கடைசிக் காலத்து ஆள். பழைய ராணுவ வழக்கங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் அறுபது ராத்தல் வரை சுமையோடு அடிக்கடி நடந்து பழக வேண்டும் என்கிறார். ரோமானிய ராத்தல் நம்ம தாத்தா காலத்து ராத்தலைவிடச் சின்னது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 கிலோ. இன்றைக்கு ஒரு வாரத்து ட்ரெக்குக்கு எல்லாவற்றையும் நாமே சுமந்து போனாலும் கிட்டத்தட்ட அந்த எடைதான் வருது.

அவருக்கும் பல நூற்றாண்டு முன்னால், கி.மு. 107-ஐ ஒட்டி, மேரியஸ் என்ற தளபதி படைக்குப் பின்னால் வரும் வண்டிகளையும் கழுதைகளையும் குறைத்தார். சாமானைச் சிப்பாய்கள் தலையிலேயே கட்டினார். ஊர் சும்மா இருக்குமா? அவர்களுக்கு 'மேரியஸின் கோவேறு கழுதைகள்' என்று பட்டப்பெயர் வைத்தது. ஆனா அவர்களிடம் இருந்தது முதுகுப் பை இல்லை. ஒரு கவைக்கோல். அதில் மூட்டை, சட்டி, பை எல்லாவற்றையும் கட்டித் தோளில் சாய்த்துக் கொண்டு நடந்தார்கள். ரோம் நகரில் இன்றும் நிற்கும் ட்ராஜன் தூணில் இது செதுக்கப்பட்டிருக்கு. கைக்கும் தோளுக்கும் கஷ்டம்தான். ஆனா எதிரி வந்தால் ஒரே நொடியில் கீழே போட்டுவிடலாம். இந்த 'ஒரே நொடியில் கீழே போடுவது' என்பதை ஞாபகத்தில் வைத்துக்கோங்க. திரும்ப வரும்.

அதற்கப்புறம் படைகள் மாறின, பைகளும் மாறின. நடுவில் உள்ள நூற்றாண்டுகளைத் தாண்டி நேராக ஜெர்மனிக்குப் போகலாம். எவ்வளவு எடை என்ற கேள்வியை முதலில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனது அங்கேதான்.

1890-களில் பெர்லினில் நாதன் ட்சூன்ட்ஸ், ஷும்பர்க் என்று இரண்டு பேர், மாணவர்களை முழு ராணுவச் சுமையோடு நடக்க வைத்து மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம் எல்லாவற்றையும் அளந்தார்கள். மூன்று எடைகள்: 22 கிலோ, 27 கிலோ, 31 கிலோ. 1901-இல் அது புத்தகமாக வந்தது. அந்த முடிவுகளை அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் எஸ்.எல்.ஏ. மார்ஷல் எடுத்துச் சொல்கிறார். 22 கிலோவை, வானிலை குளிர்ச்சியாக இருந்தால், 24 கிலோமீட்டர் போல சுமக்கலாம். அதே எடை வெயிலில் ஆளை வாட்டிவிடும். 31 கிலோ என்றால் குளிரிலும் தாங்கவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கடுத்த வரி. அந்த 31 கிலோவோடு எத்தனை தடவை நடந்து பழகினாலும் உடம்பு பழகவே இல்லையாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. 'பழகப் பழகச் சரியாயிடும்' என்பதுதான் சுமைப் பயிற்சியின் அடிப்படை நம்பிக்கையே. அந்த நம்பிக்கைக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு என்று நூறு வருடத்துக்கு முன்பே அளந்து வைத்துவிட்டார்கள். அந்தக் கோடு ஆளுக்கு ஆள் மாறும். உடல் எடை, வயது, வெயில் எல்லாம் சேர்ந்து அதை முடிவு பண்ணும். ஆனா கோடு இருக்கு.

யாராவது கேட்டார்களா? இல்லை. 1916 ஜூலை 1, சோம் போர் தொடங்கிய நாள். பதுங்குகுழியிலிருந்து ஏறிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் மீது சுமார் 30 கிலோ இருந்தது. அதைச் சுமந்துகொண்டு குழியை விட்டு ஏறுவதே பாடு, ஓடுவது எங்கே? அடுத்த உலகப் போரில் 1944 ஜூன் 6, நார்மண்டிக் கடற்கரையிலும் அதே கதை. படகிலிருந்து இறங்கிய சிப்பாய்கள், தண்ணீரில் ஊறிக் கனத்துப்போன சுமையோடு கரையேற முடியாமல் திணறினார்கள். உயிர் பிழைத்தவர்களிடம் பேசியவர்களில் மார்ஷலும் ஒருவர். 1950-இல் சிப்பாயின் சுமை பற்றியே ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பயத்துக்கும் சோர்வுக்கும் தொடர்பு உண்டு, ஒன்று இன்னொன்றை வளர்க்கும் என்பது அதன் மையம். பயிற்சி நடைக்கு உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு, போர்க்களத்தில் அதைவிடக் குறைவு என்பது அவர் கணக்கு. மார்ஷல் சொன்ன வேறு சில புள்ளிவிவரங்களை இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் நம்புவதில்லை, அதையும் சொல்லிவிடறேன். ஆனா இந்தப் புத்தகத்தின் மையக் கருத்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

சரி, எவ்வளவு என்பது போதும். எங்கே வைப்பது?

நம்ம ஊரில் இதற்கு விடை தலைதான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, மேலே கூடையோ விறகோ நெல்மூட்டையோ. தலையில் வைத்தால் எடை நேராக முதுகெலும்பு வழியாக இறங்குது, முன்னாலும் இழுக்காது, பின்னாலும் இழுக்காது. ஒரே பிரச்சனை, தனியாக ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அதற்காகத்தான் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் வந்தது. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். நிற்கிற ஆள் குனியாமல் சுமையை அதன் மேல் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நட்டார்கள். இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டவளுக்காக, வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். சாலைகளை அகலப்படுத்தும்போது எத்தனையோ போய்விட்டன. மிச்சமிருப்பவை இன்னும் சில ஊர்ச் சாலைகளில் நிற்குது, பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று பாருங்க.

உலகத்தின் அந்தப் பக்கம் கனடாவில், பதினெட்டாம் நூற்றாண்டில், தோல் வியாபாரக் கம்பெனிகளின் படகோட்டிகள் இருந்தார்கள். ஆற்றில் படகு போகாத இடத்தில் சரக்கை முதுகில் தூக்கி நடக்க வேண்டும். ஒரு பொதி 41 கிலோ. ஒரு ஆளுக்கு ஒரே நடையில் இரண்டு பொதி! நெற்றியில் ஒரு தோல் பட்டை, அதிலிருந்து தொங்கும் சுமை முதுகின் மேல். கிராண்ட் போர்டேஜ் என்ற இடத்தில் மட்டும் அந்த நடை 13 கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் வழியில் இறக்கி வைக்க இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள், அதற்குத் தனிப் பெயரும் உண்டு. தூரத்தைக்கூட 'எத்தனை இறக்கம்' என்று எண்ணினார்கள். சுமைதாங்கிக் கல்லை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தேவை சொல்லித் தந்தது.

நெற்றிப் பட்டை முறை இன்னும் உயிரோடு இருக்கு. நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கூடைக் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும். நேபாளத்தில் சுமைக்காரர்கள் டோக்கோ என்ற கூம்புக் கூடையை நாம்லோ என்ற பட்டையால் தலையில் மாட்டுகிறார்கள். எவரெஸ்ட் வழியில் நாம்சே சந்தைக்குப் போகும் சுமைக்காரர்களை நிறுத்தி எடை பார்த்து, 2005-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். இதைக் கேட்டு 'அப்போ மார்ஷல் சொன்ன மூன்றில் ஒரு பங்கு எங்கே போச்சு?' என்று கேட்கலாம். சிறு வயது முதலே பழக்கம், மெதுவான நடை, நிமிஷத்துக்கு ஒரு தடவை போல நின்று நின்று போகும் ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் மேலே வேறு வழியில்லாத வறுமை. இதையெல்லாம் இரண்டு மாதப் பயிற்சியில் நாம் வாங்க முடியாது. கழுத்துத் தசை பழகாதவர்கள் நெற்றிப் பட்டையை முயற்சி பண்ணவே வேண்டாம்.

இப்போ இடுப்புக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

1880-களில் அமெரிக்க ராணுவத்தில் ஹென்றி மெரியம் என்ற அதிகாரி ஒரு பை செய்தார். பையின் மேல் மூலைகளிலிருந்து இரண்டு மரக் குச்சிகள் கீழே இறங்கி இடுப்புப் பட்டையில் ஊன்றி நிற்கும். எடை தோளை விட்டு இடுப்புக்குப் போகும். தத்துவம் நூற்றுக்கு நூறு சரி. ஆனா சிப்பாய்களுக்கு அது பிடிக்கவில்லை. போர்வையைச் சுருட்டி மாலை மாதிரிக் குறுக்கே போட்டுக்கொண்டு போவதே சுகம் என்றார்கள். மேலிருந்து வந்த பை என்று அதைச் சந்தேகமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

நார்வேயில் ஓலே பெர்கன்ஸ் 1908-இல் வேட்டைக்குப் போனார். சுமை முதுகில் புரண்டு புரண்டு உயிரை எடுத்தது. ஒரு மரக்கிளையை முதுகு வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையில் கட்டினார். அடுத்த வருடம் காப்புரிமை. 1920-களில் லாய்ட் நெல்சன் என்ற அமெரிக்கர், அலாஸ்காவில் பழங்குடி மக்களின் குச்சியும் கடல்நாய்த் தோலும் சேர்ந்த ஒரு சட்டத்தைச் சுமந்து பார்த்து, அதிலிருந்து தன் மரச்சட்டப் பையைச் செய்தார். யாருடைய அறிவு யார் பெயரில் காப்புரிமை ஆச்சு என்பது தனி எபிசோடுக்கான விஷயம்.

கலிபோர்னியாவில் டிக் கெல்டி ஒரு தச்சர். போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்ததால் அலுமினியக் குழாய் பழக்கம். விடுமுறையில் சியரா மலைக்குப் போவார். 1951-இல் அப்படி நடக்கும்போது அவரும் நண்பரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். பைச் சட்டத்தின் கீழ் நுனிகளை ஜீன்ஸின் பின் பாக்கெட்டில் சொருகிக்கொண்டார்கள். தோளிலிருந்த பாரம் பட்டென்று குறைந்தது! பாரம் எங்கேயும் போய்விடவில்லை, இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்துவிட்டது. உடம்பிலேயே பெரிய தசைகள் அதற்குக் கீழேதான் இருக்கு, தொடையில். நடுவில் தோள் என்கிற மெல்லிய தரகர் எதற்கு?

ஊருக்கு வந்து அலுமினியக் குழாயை முதுகு வளைவுக்கு வளைத்துச் சட்டம் செய்தார். அவர் மனைவி நீனா பைகளைத் தைத்தார். 1952-இல் வீட்டிலிருந்தே விற்பனை. முதல் வருடம் விற்றது 29 பை, ஒன்று 24 டாலர். பதினோரு வருடம் கழித்து, 1963-இல் எவரெஸ்டுக்குப் போன அமெரிக்கக் குழு கெல்டி பைகளோடு போனது. மெரியம் ராணுவ உத்தரவால் செய்ய முடியாததை, சொந்த முதுகு வலித்த தச்சர் ஒருவர் வீட்டிலிருந்து செய்தார். 1967-இல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்கு உள்ளே மறைத்தார். பாறை ஏறும்போது வெளிச்சட்டம் ஆடி ஆளைத் தள்ளும், அதனால். இன்றைக்குக் கடையில் தொங்கும் பெரிய ட்ரெக்கிங் பைகளில் அநேகமாக எல்லாமே இந்த வம்சம்தான்.

அப்படியென்றால் எல்லோரும் இடுப்புப் பட்டைக்கு மாறியிருக்கணுமே? இங்கேதான் அந்த ரோமானியக் கவைக்கோல் திரும்ப வருது. சிப்பாயின் இடுப்பு காலியாக இல்லை. தோட்டா, தண்ணீர்க் குப்பி எல்லாம் அங்கே. மேலே கவச உடை வேறு. சுட ஆரம்பித்தால் பையை ஒரே நொடியில் உதற வேண்டும். அமெரிக்க ராணுவம் 1973-இல் ஏற்ற 'ஆலிஸ்' பைக்கு அலுமினியச் சட்டமும் இடுப்புத் திண்டும் இருந்தன. இருந்தும் நடைமுறையில் எடையில் பெரும்பகுதி தோளில்தான். இதன் விலை என்ன? மருத்துவ நூல்களில் இதற்கு 'ரக்சாக் வாதம்' என்றே பெயர் இருக்கு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போகும் நரம்புக் கற்றையைப் பட்டை அழுத்தி, கை மரத்துப்போய், சில சமயம் கையைத் தூக்கவே முடியாமல் போகும். பலருக்கு நாளடைவில் சரியாகும், ஆனா வாரங்கள், மாதங்கள் ஆகலாம். சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள பையில் இது வெகுவாகக் குறையுது என்று 1987-லேயே ஒரு ராணுவ மருத்துவ ஆய்வு சொன்னது.

இப்போ இணையத்தில் 'ரக்கிங்' என்று பிரபலமாகியிருக்கும் சுமைநடை இந்த ராணுவ வம்சம். 2008-இல் ஒரு முன்னாள் அமெரிக்கச் சிறப்புப் படை வீரர் தொடங்கிய கோரக் நிறுவனம் அதைப் பொதுமக்களிடம் கொண்டு வந்ததில் முக்கியமானது. அந்த மாதிரிப் பை சின்னது, கெட்டியானது, உள்ளே இரும்புத் தட்டு முதுகின் மேல்பகுதியோடு ஒட்டி நிற்கும். பல மாடல்களில் இடுப்புப் பட்டையே இருக்காது. அது குறை இல்லை. பத்து கிலோவோடு ஒரு மணி நேரம் நடக்கிற உடற்பயிற்சிக்கு அது நல்ல பை. எடை உயரத்தில், முதுகை ஒட்டி இருக்கணும் என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருக்காங்க. பள்ளிக்கூடப் பையில் அடியில் டம்பெல்லைப் போட்டு நடந்தால் என்ன ஆகும்? அது பின்னால் இழுக்கும், நீங்க முன்னால் குனிவீங்க, அரை மணியில் கழுத்து பிடிக்கும்.

ஆனா நீங்க தயாராவது எட்டு நாள் ட்ரெக்குக்கு என்றால், என் தீர்ப்பு தெளிவு. கெல்டி வம்சத்துப் பை வாங்குங்க, எந்தப் பையோடு மலைக்குப் போறீங்களோ அதே பையில் பழகுங்க. தோளைப் பழக்கிவிட்டு இடுப்பில் சுமந்து போவது, சைக்கிளில் பழகிவிட்டுப் படகுப் போட்டிக்குப் போகிற மாதிரி. இடுப்பெலும்பின் மேல் பட்டை உட்கார்ந்து பழகாத ஆளுக்கு மலையில் முதல் இரண்டு நாள் அங்கே தோல் உரியும்.

பை வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்னால் உங்க முதுகு நீளத்தை அளங்க. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான இடம் வரை. உயரமான ஆளுக்கு நீளமான முதுகு என்று கட்டாயம் இல்லை, கால் நீளமாக இருக்கலாம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்துப் பயனில்லை, உள்ளே எடை போடச் சொல்லுங்க. முதலில் இடுப்புப் பட்டை, அப்புறம்தான் தோள் பட்டை. காலில் எடை கட்டிக்கொண்டு நடக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தீங்க. பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் நான்கு முதல் ஆறு கிலோ வரை வைத்த மாதிரி ஆற்றலைத் தின்னும் என்று 1969-இலேயே அளந்திருக்காங்க. வேண்டாம்.

எடை எவ்வளவு? அமெரிக்கக் காட்டுத்தீ அணைப்பாளர்களுக்கு ஒரு தேர்வு உண்டு: 20 கிலோ போல சுமந்து, 4.8 கிலோமீட்டரை 45 நிமிஷத்தில், ஓடாமல் நடந்தே முடிக்கணும். அது தொழில்காரர்களின் தேர்வு, முதல் வார இலக்கு இல்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்க. அந்த எடை எளிதான பிறகுதான் அடுத்த இரண்டு கிலோ. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீங்க, அதுவும் நம்ம வெயிலில் இன்னும் கீழேயே நில்லுங்க. பெர்லின் மாணவர்களை வாட்டிய வெயில் நமக்குக் காலை ஏழு மணி வெயில்.

இரும்புத் தட்டு வாங்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில் போதும், கூடவே கொஞ்சம் போர்வையை அடியில் அடைத்து பாட்டில்கள் மேலே, முதுகை ஒட்டி நிற்கிற மாதிரி. இதில் ஒரு வசதி, மேட்டில் ஏறி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம், மூட்டு தப்பிக்கும். பையைத் தரையிலிருந்து வெட்டி இழுத்துத் தோளில் போடாதீங்க, இடுப்பு பிடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். திண்ணையிலோ மேஜையிலோ பைக் வண்டி சீட்டிலோ வைத்து, திரும்பி நின்று மாட்டுங்க. இறக்கும்போதும் அப்படியே. நடக்கிற பாதையில் சுமைதாங்கிக் கல் ஒன்று இருந்தால் அதிலேயே வைக்கலாம், அதை நட்டதே அதற்குத்தான்.